திடீரென முந்திய கைக்கடிகாரம்

அப்பா கொடுத்த ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென நாளொன்றுக்கு 10 நிமிடம் முந்த ஆரம்பித்தது. கீழே விழவில்லை, தண்ணீரும் படவில்லை. மனசு கேட்கவில்லை. திசைகாட்டியின் அருகே கொண்டுபோனேன், முள் ஆடியது. காந்தம் ஏறியிருக்கிறது! இரவில் கழற்றி டேப்லெட் உறை மேல்தான் வைப்பேன், அதன் மூடியில் காந்தம். உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால், வில் நீளம் குறைந்ததுபோல ஆகி வாட்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும்.

காந்தத்தை நீக்கும் கருவியான டீமேக்னடைசர் ஒன்று வாங்கினேன். பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெதுவாகக் கை நீளத்துக்கு விலக்கிய பிறகே விரலை எடுக்க வேண்டும். முதல்முறை அவசரப்பட்டு அருகிலேயே விட்டுவிட்டேன், காந்தம் போகவில்லை. இரண்டாம் முறை சரியாகச் செய்தபின் திசைகாட்டி முள் அசையவே இல்லை. இப்போது நாளொன்றுக்கு 6 விநாடிதான் முந்துகிறது. ஸ்மார்ட்வாட்சை மட்டும் அந்தக் கருவியருகே கொண்டுபோகாதீர்கள்.