பழைய காரின் ஆர்பிஎம் மீற்றரும் புதிய எஞ்சினும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய டட்சன் சன்னிக்கும் லான்சருக்கும் டொயோட்டா 1என்இசட் எஞ்சின் ஏற்றும் தம்பிமாரைக் காண்கிறேன். எஞ்சின் வேலை நன்றாகத்தான் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீற்றர் மட்டும் செத்துக் கிடக்கும், அல்லது முள் துள்ளும். நாங்கள் வேலை பழகிய காலத்துப் பிழைகளே திரும்ப வருகின்றன. பியூஸ் போனது, வயர் கழன்றது எல்லாம் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதைவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பழைய மீற்றர், பிளக்குக்குப் பொறி தரும் கொயிலின் நெகற்றிவ் முனையைப் பார்த்தே வேலை செய்கிறது. கொயிலின் கரண்டை வெட்டும் பொயின்ற் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே 200, 300 வோல்ற் உதை ஒன்று எழும். நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை, 3000 ஆர்பிஎம்மில் செக்கனுக்கு 100. 1என்இசட்டில் பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர் இல்லை, பிளக்குக்கு ஒரு கொயில். மீற்றருக்கென்று ஈசியூ, அதாவது எஞ்சினை ஆளும் கணினி, தருவது 5 அல்லது 12 வோல்ற்றில் ஒரு மெல்லிய சிக்னல்தான்.

மீற்றருக்காகப் பழைய கொயிலை விட்டு வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். 'மீற்றருக்கு உதைதானே வேண்டும், பழைய கொயில் இருக்கிறதே' என்று அதன் பொசிற்றிவை சாவியிலும் நெகற்றிவை ஈசியூவின் மீற்றர் வயரிலும் கொடுத்துவிடுகிறார்கள். முள்ளும் அழகாக ஏறும். ஏறுவதால்தான் ஒருவர் பார்த்து மற்றவர் செய்கிறார்.

அந்தக் கொயிலை மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 3 ஓம் காட்டும். 12 வோல்ற்றை 3 ஆல் பிரித்தால் 4 அம்பியர். ஈசியூவுக்குள் அந்த வேலையைச் செய்யும் றான்சிஸ்ரர் சில மில்லி அம்பியருக்காக வைத்தது. போதாததற்கு அந்த 300 வோல்ற் உதையும் அதற்குள்தான் திரும்பிப் போகிறது.

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு சன்னி இப்படித்தான் வந்தது. முதலில் முள் விழுந்திருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஏ9 வீதியில் எஞ்சினே நின்றுவிட்டது. ஈசியூவைத் திறந்தால் பலகை கருகிக் கிடந்தது. நெல் விற்ற காசில் ஏற்றிய எஞ்சின் அது. வேறு ஈசியூ என்றால் கொழும்பில் பஞ்சிகாவத்தை வரை தேட வேண்டும். கிடைத்தாலும் ஓட்டோ கியரா மனுவலா என்று பார்க்க வேண்டும், சாவியின் இமொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பும் பொருந்த வேண்டும். சில ரூபாய்ச் சாமானால் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சரியான வழி இதுதான். ஈசியூ சிக்னலை ஒரு றெசிஸ்ரர் வழியாக 400 வோல்ற் தாங்கும் றான்சிஸ்ரருக்குக் கொடுங்கள். அது ஒரு 12 வோல்ற் றிலேயின் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) கொயிலை ஓட்டட்டும். அந்தக் கொயில் 80, 100 ஓம் இருப்பதால் இழுப்பது சிறு கரண்ட்தான். மீற்றருக்கு வேண்டிய உதை அங்கேயே கிடைக்கும். உள்ளே டயோட் உள்ள றிலே சரிவராது, டயோட் அந்த உதையை விழுங்கிவிடும். றிலேயின் அசையும் தகட்டையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டாஷ்போர்டுக்குள் ஓயாமல் இரையும்.

இதற்கு முன் ஒன்றைச் சோதிக்கலாம். ஈசியூவின் மீற்றர் வயர் எர்த்துக்கு இழுக்க மட்டும் செய்யும் வகை என்று வயரிங் படத்தில் உறுதியானால், அதற்கும் 12 வோல்ற்றுக்கும் இடையில் 1 கிலோ ஓம் றெசிஸ்ரர் ஒன்று போட்டுப் பாருங்கள். சில ஜப்பான் மீற்றர்களுக்கு அதுவே போதும்.

ஐஜிஎஃப் வயரில் கை வைப்பது

1என்இசட் கொயிலில் நான்கு வயர் உண்டு. அதில் ஐஜிஎஃப், 'பொறி அடித்தேன்' என்று ஈசியூவுக்குச் சொல்வது. பழைய மீற்றரை அதில் கொழுவினால் சிக்னல் அமுங்கிப்போகும். பொறி இல்லை என்று நினைத்து ஈசியூ பெற்றோலை வெட்டும். எஞ்சின் எழும்பி உடனே நிற்கும். இதற்குப் போய் பெற்றோல் பம்ப் மாற்றுகிறார்கள்!

சிலிண்டர் கணக்கு

மூன்று சிலிண்டர் சுசுக்கி எஞ்சினை நான்கு சிலிண்டர் மீற்றரில் கொடுத்தால் 4000 ஓடும்போது 3000 காட்டும். குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. பழைய டிஃபரென்ஷலோடு புது எஞ்சின் அதிகமாகச் சுற்றும், சத்தத்திலும் தெரியாது.

டீசல் எஞ்சின்

இதில் பிளக் பொறியே இல்லை. சிக்னலை, பற்றறியைச் சார்ஜ் செய்யும் ஓல்ரனேற்றரின் டபிள்யூ முனையில் எடுங்கள், அதற்கான மீற்றரோடு.

ஸ்மித்ஸ் மீற்றர்

முகப்பில் ஆர்விஐ என்று இருந்தால் அது கொயிலுக்குப் போகும் கரண்டைப் பார்ப்பது. வெறும் சிக்னல் வயரைக் கொடுத்தால் முள் அசையாது. பழைய இங்கிலாந்துக் கார்களில் பொசிற்றிவ் எர்த்தும் (பற்றறியின் பொசிற்றிவ் முனை பொடியில்) இருக்கலாம். மீற்றரின் உள்ளே மாற்றாமல் பற்றறி முனைகளை மாற்றிக் கொடுக்க வேண்டாம்.

எர்த்

மீற்றரின் எர்த் வயரைத் துருப்பிடித்த தகரத்தில் முடுக்காதீர்கள். ஈசியூ எர்த் எடுத்த இடத்திலேயே எடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஈசியூ சொல்லும் ஆர்பிஎம்மைக் காட்டும் ஓபிடி ஸ்கானரைக் கொழுவி, ஐடிலில் ஒரு தரமும் 3000இல் ஒரு தரமும் முள்ளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டாஷ்போர்டை மூடுங்கள்.