கப்பலைத் தேடும் முன் பெட்டியைத் தேடுங்கள்

மத்தியானம் ஒரு மணி ஆனால் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆபீஸ் திறந்துவிடும். எங்கள் சரக்கை வாங்கும் பையரிடமிருந்து எனக்கு மெயில் வரும்: சரக்கு இப்போது எங்கே? கரூரில் மேசைவிரிப்பும் கிச்சன் டவலும் ஏற்றுமதி செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் 11 வருஷமாக டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பி.எல்.லை, அதாவது சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்கை, எடுத்து வையுங்கள். அதில் கப்பல் பெயரும் வாயேஜ் (பயண) எண்ணும் இருக்கும். அதைப் பார்த்ததும் வரைபடத்தில் கப்பலைத் தேடத் தோன்றும். வேண்டாம். நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட கன்டெய்னர் எண்ணை ஷிப்பிங் லைனின் (கப்பல் நிறுவனத்தின்) சொந்தத் தளத்தில் போட்டு, பெட்டி எந்தக் கப்பலில் ஏறியது என்று பாருங்கள். எங்கள் பெட்டிகள் தூத்துக்குடியில் ஃபீடர் என்னும் சிறிய இணைப்புக் கப்பலில் ஏறும். கொழும்புக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான். அங்கே இறக்கி, ஐரோப்பா போகும் பெரிய கப்பலான மதர் வெசலில் ஏற்றுவார்கள். தவறு நடப்பது இந்த இடத்தில்தான்.

எனக்கே நடந்தது. பி.எல்.லில் இருந்த மதர் வெசலை ஒன்பது நாள் பின்தொடர்ந்து, தினமும் அது நிற்கும் இடத்தை பையருக்கு எழுதினேன். பெட்டியோ கொழும்பு யார்டிலேயே இருந்தது. கப்பலில் இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்; யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டிய சரக்கு அது. அந்த மன்னிப்பு மெயிலை எழுதிய நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து, லைனின் தளத்தில் 'கொழும்பில் ஏற்றப்பட்டது' என்ற வரி வரும்வரை மதர் வெசலைத் திறந்தே பார்ப்பதில்லை.

சரி, கப்பல் தெரிந்துவிட்டது. அதைப் பெயரால் தேடாதீர்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு. விற்றால் பெயரும் கொடியும் மாறலாம். மாறாதது, சர்வதேச கடல்சார் அமைப்பின் பெயரில் ஒவ்வொரு கப்பலுக்கும் தரப்படும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண். அதைச் சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது: முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் கப்பலின் எண் 9811000. 63, 48, 5, 4 சேர்த்தால் 120. கடைசியில் பூஜ்யம், சரியாக வருகிறது. மெயிலில் வந்த எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் இந்தக் கணக்கில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும், எப்போதும் அல்ல.

அந்த எண்ணை, கப்பல்களை வரைபடத்தில் காட்டும் தளங்களான மரைன்டிராஃபிக்கிலோ வெசல்ஃபைண்டரிலோ போடுங்கள். இலவசக் கணக்கே தினசரி வேலைக்குப் போதும். அங்கே வரும் தகவல் கப்பலில் இருக்கும் ஏ.ஐ.எஸ். (தானியங்கி அடையாள) கருவி ரேடியோவில் அனுப்புவது. இடம், வேகம், திசை எல்லாம் தானாகப் போகும். சேருமிடம், ஈ.டி.ஏ. (வந்து சேரும் எதிர்பார்ப்பு நேரம்), நீரில் மூழ்கியிருக்கும் ஆழம் இவற்றைக் கப்பலில் இருப்பவர்கள் கையால் பதிய வேண்டும். போன துறைமுகத்தின் பெயரையே மாற்றாமல் விட்டிருப்பதும் உண்டு. அதனால் அங்கே காட்டும் ஈ.டி.ஏ.வை அப்படியே பையருக்கு அனுப்பாதீர்கள். ஆழத்தைப் பாருங்கள், ஆனால் துணைச் சான்றாக மட்டும்: வந்ததைவிடப் போகும்போது கூடியிருந்தால் சரக்கு ஏறியிருக்கிறது.

துறைமுக வருகைப் பட்டியலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்பது ஒன்று, பெர்த்தில் (துறைமுகக் கப்பல்துறையில்) கட்டியிருப்பது வேறு. பெட்டி இறங்குவது பெர்த்தில்தான். கப்பல் நிலை நங்கூரம் என்று காட்டி, வேகமும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் 'வந்துவிட்டது' என்று எழுதாதீர்கள், 'காத்திருக்கிறது' என்று எழுதுங்கள். நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) காட்டினால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கரையை விட்டு வெகுதூரம் போனதும் கப்பல் வரைபடத்தில் அப்படியே நின்றுவிடும். பயப்பட வேண்டாம். கரை நிலையங்களுக்கு சிக்னல் எட்டவில்லை, அவ்வளவுதான். செயற்கைக்கோள் தகவலுக்குக் காசு கட்ட வேண்டும், நான் கட்டுவதில்லை. கொழும்பை விட்டு எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மட்டும் குறித்துக்கொள்வேன். லட்சத்தீவின் மினிக்காய் பக்கமாக மேற்கே போனால் சூயஸ் வழி. தென்மேற்கே இறங்கினால் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றப்போகிறது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் அப்படிச் சுற்றத்தான் செய்தன. அப்படியானால் ஏறக்குறைய 10 நாள் கூட்டியே சொல்கிறேன்.

ஐரோப்பாவை நெருங்கியதும் மறுபடி தினமும் பாருங்கள். ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப், ஹாம்பர்க் என்ற வரிசை சில சமயம் மாறும், ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டும் போவார்கள். ஹாம்பர்க் கடலோரத்தில் இல்லை. எல்பே ஆற்றில் 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போக வேண்டும், பெரிய கப்பல் கடல் ஏற்றத்தில் நீர்மட்டம் உயர்வதற்காகவும் காத்திருக்கும். கப்பல் ஆற்றுக்குள் நுழைந்ததும் பையருக்கு ஒரு வரி எழுதுவேன். லாரி அனுப்புங்கள் என்ற மெயில், லைனின் தளத்தில் அந்தப் பெட்டி எண்ணுக்கு நேரே 'இறக்கப்பட்டது' என்று வந்த பிறகுதான் போகும்.