இளைஞர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அண்மையில் எங்கள் பிரிவில் சேர்ந்த இரு இளம் அலுவலர்கள் டிப்ளமோ முடித்த மாணவர்களிடம் சம்பளம் பேசியதைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். 2019-இல் நான் சொன்ன அதே சொற்களை அவர்கள் சொன்னார்கள். மரியாதையாகப் பேசுவது, நியமனக் கடிதத்தை நேரத்துக்குத் தருவது போன்றவை எவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சி.டி.சி.யைச் சம்பளம் என்று சொல்வது

சி.டி.சி. என்பது ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு; அது முழுவதும் அவர் கைக்கு வராது. 2019-இல் ஒரு பாலிடெக்னிக்கில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து, "ஆண்டுக்கு மூன்று லட்சம், அதாவது மாதம் 25,000 ரூபாய்" என்று அறிவித்தேன். பெற்றோரும் ஊரில் அதையே சொன்னார்கள். ஆனால் அந்த 25,000-க்குள் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 1,500, பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு 601, ஆண்டிறுதி மதிப்பீட்டுக்குப் பின்பே தரப்படும் ஊக்கத்தொகை 1,500 ஆகிய மூன்றும் அடங்கியிருந்தன. எஞ்சிய 21,399-இல் பணியாளரின் பி.எஃப். பங்கு 1,500-உம், பேருந்துக்கும் கேன்டீனுக்குமான 900-உம் போக, முதல் மாதம் வங்கியில் ஏறியது 18,999 ரூபாய்.

அன்று மதிய இடைவேளையில் ஒருவர் கைப்பேசியில் சம்பளச் சீட்டைத் திறந்து என் மேசைமேல் வைத்து, "சார், ரெண்டு நாள் லேட்டா வந்ததுக்கு ஆறாயிரமா பிடிப்பீங்க?" என்று கேட்டார். அவர் அதை அபராதம் என்றே நினைத்திருந்தார். அடிப்படைச் சம்பளம் 12,500-இல் 12 விழுக்காடு பி.எஃப். என்பதையும், ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்ற பணிக்கொடை விதியை மாதத்துக்கு 26 நாள் கணக்கில் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் 601 வரும் என்பதையும் தாளில் போட்டுக் காட்டினேன். பணிக்கொடை எப்போது கைக்கு வரும் என்றார். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால் என்றேன். "அப்ப அத எப்படி சார் இந்த மாசச் சம்பளம்னு சொன்னீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை.

மூன்று மாதங்களுக்குள் ஆறு பேர் போய்விட்டார்கள். கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தது வீணாயிற்று. அந்த இடங்களில் மற்றவர்களை இருமடங்கு ஊதியத்துக்கு ஓவர்டைம் வேலை செய்யவைத்து உற்பத்தியைச் சமாளித்தோம். ஆய்வுக் கூட்டத்தில் மேலாளர்கள் சொன்ன காரணமோ, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்பது. எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான், ஏனெனில் நானும் அப்போது தலையாட்டினேன். எங்கள் காலத்திலும் இதே மழுப்பல் இருந்தது. ஆனால் பக்கத்துக் கம்பெனியில் என்ன தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. இவர்களின் ஒன்பது சீட்டுகளும் நண்பகலுக்குள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தன.

இப்போது நியமனக் கடிதத்தோடு தமிழில் ஒரு பக்கம் இணைக்கிறோம். வங்கியில் ஏறும் தொகை முதல் வரியிலும், பி.எஃப். சேமிப்பு அடுத்த வரியிலும், நிபந்தனையோடு கிடைப்பவை தனியாகவும் இருக்கும். அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படும் தொழில் வரி எந்த மாதத்தில் வரும் என்பதையும் எழுதிவிடுகிறோம். தொகை சிறிதாகத் தெரிகிறது என்று விற்பனை மனப்பான்மை கொண்ட அலுவலர்கள் முனகுவார்கள், முனகட்டும்.

காரணம் கேட்பதை எதிர்ப்பாகக் கொள்வது

ஒவ்வொரு ஐந்தாவது உருப்படியையும் ஏன் அளக்க வேண்டும் என்று பயிற்சி பெறும் இளைஞர் ஒருவர் கேட்டபோது, "சொன்னதைச் செய்" என்றார் ஃபோர்மேன். பழைய கட்டிங் டூல் விரைவில் தேய்ந்ததால் வந்த வழக்கம் அது என்பதும், டூல் மாறி இரண்டு ஆண்டுகள் ஆகியும் அட்டவணை மாறவில்லை என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

இரவு பத்தரைக்கு ஷிப்ட் மாற்றத்தை வாட்ஸ்அப்பில் அறிவிப்பது

பார்க்கவில்லை என்பார்கள். பார்த்திருக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

பிறந்தநாள் கேக்

வெட்டுங்கள், அதற்காக எவரும் தங்குவதில்லை.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது

சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.