பத்து நிமிஷம் ஈரம் காயக்கூடாது

மருத்துவமனைத் துப்புரவுப் பிரிவில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த புதிதில், பினாயில் வாசம் மூக்கில் ஏறினால் அறை சுத்தம் என்று நம்பியிருந்தேன். தீராத வயிற்றுப்போக்கோடு ஒருவர் படுத்திருந்த கட்டிலுக்கு அடுத்து வந்தவரையும் அதே நோய் பிடித்தது. அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று.

அந்த வயிற்றுப்போக்கைக் கொடுத்த க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா, நிலைமை ஒத்துவராதபோது தடித்த ஓட்டுக்குள் ஸ்போர் என்கிற உறங்கும் வடிவமாக அடங்கிவிடும். காய்ந்த கட்டில் கம்பியில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கோ ஆல்கஹாலுக்கோ சாகாது. அதைக் கொல்ல ப்ளீச் போன்ற ஸ்போர்க்கொல்லிதான் வேண்டும்.

கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு, முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். மலக்கறை மிச்சமிருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். அப்புறம் ப்ளீச். 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. 5000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக்கு 5000 பங்கு குளோரின் கிடைக்கும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றைய வாளி உதவாது. ஆசிட் கலந்த கழிவறைத் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: துடைத்த கையோடு உலர்த்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பளபளப்பாகத் தெரியட்டுமே என்று! பரப்பு 10 நிமிஷம் ஈரமாகவே இருக்க வேண்டும். பாட்டிலில் வேறு நேரம் போட்டிருந்தால் அதன்படி. இடையில் காய்ந்தால் மறுபடி நனையுங்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூட வேலை செய்யும் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், பரவாயில்லை. நேரம் முடிந்ததும் உலோகத்தை வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும்.

மேலிருந்து கீழே, சுத்தமான இடத்திலிருந்து அசுத்தமான இடத்துக்கு. கழிவறை கடைசி. துணியை எட்டாக மடித்து, ஒவ்வொரு இடத்துக்கும் புது மடிப்பைத் திருப்புங்கள். வாளியில் திரும்ப முக்காதீர்கள். அழைப்பு மணி, கட்டில் கம்பி, சலைன் ஸ்டாண்டு, குழாய்த் திருகு, ஃப்ளஷ் பிடி, இவையெல்லாம் கை ஓயாமல் படுகிற இடங்கள். திரைச்சீலையைக் கழற்றிச் சலவைக்கு அனுப்புங்கள். புற ஊதா விளக்கு வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கு ஒன்று: நிழல் விழுந்த இடத்தில் அது வேலை செய்யாது, துடைப்பதை விடமுடியாது.

வெளியே வந்ததும் சானிடைசரைத் தேடாதீர்கள். சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். சோப்பு ஸ்போரைக் கொல்லாது, கையிலிருந்து கழுவி இறக்கிவிடும்.