பழைய செடானில் நல்ல எஞ்சினைக் கண்டுபிடிப்பது எப்படி?

வண்டி பார்க்கப் போவதற்கு முந்தின நாள் இரவே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: "காலையில நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேணாம் சார்." போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். சூடு தெரிந்தால் அன்றைக்கு வேறு எதையும் பார்க்காமல் திரும்பிவிடலாம். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினின் முதல் ஸ்டார்ட்டில் வெளிப்படுகிற பல குறைகள், பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் ஒளிந்துகொள்ளும்.

எந்த எஞ்சினைத் தேடுவது என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். சென்னையில் சுலபமாகக் கிடைக்கும் பெட்ரோல் செடான்களில், 2008-க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டியின் 1.5 ஐ-விடெக், டொயோட்டா எட்டியோஸின் 1.5, 2010-க்குப் பிந்தைய டிசையரின் 1.2 கே-சீரிஸ், 2011-இல் வந்த வெர்னாவின் 1.6 ஆகிய நான்கையும் நம்பித் தேடலாம். நான்கிலும் டைமிங் செயின்தான் (வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட உதவும் சங்கிலி; சில எஞ்சின்களில் இதற்குப் பதில் ரப்பர் பெல்ட் இருக்கும்), டர்போ கிடையாது. மாருதி எஸ்எக்ஸ்4-இன் 1.6 பெட்ரோலும் இந்த ரகமே. மறுவிற்பனையில் மவுசு குறைவு என்பதால் விலையும் இறங்கி வரும். பெட்ரோல் குடிக்கும், ஆனால் சீக்கிரம் படுக்காது.

பெல்ட் வகை எஞ்சின் என்றால் (பழைய ஆக்சென்ட் 1.5 பெட்ரோல், ஃபோர்டு ஃபியஸ்டா 1.4 டீசல் போன்றவை) பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். 80,000 கி.மீ. அல்லது ஐந்து வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதற்கு மேல் பழைய பெல்ட்டை நம்ப வேண்டாம். ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதி) இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டிவரும்.

செயின் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. பழைய டிசையர் டீசலில் இருக்கும் 1,248 சிசி எஞ்சின் நல்ல உழைப்பாளி. ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டே ஓட்டியிருந்தால் செயின் தளர்ந்துவிடும். காலை முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி 'கரகர'வென்று சங்கிலியை உலுக்குவது போன்ற சத்தம் வந்து அடங்கினால் செயின், டென்ஷனர், கைடு எல்லாம் செட்டாக மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். செயின் பல் தாண்டிவிட்டால் வால்வை அழுத்தும் ராக்கர்கள் உடையும். மாதம் ஆயிரம் கி.மீ.கூட ஓட்டாதவருக்குப் பழைய டீசல் தேவையே இல்லை. ஒரு இன்ஜெக்டரின் விலையே ஐந்து இலக்கத்துக்குப் போய்விடும்.

அட்வான்ஸ் கொடுக்குமுன், கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் இரண்டு கடைக்கு போன் போட்டு வாட்டர் பம்ப், டைமிங் கிட், ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) செட் மூன்றுக்கும் விலை கேளுங்கள். "ஆர்டர் போட்டுதான் வரவழைக்கணும், பத்து நாள் ஆகும்" என்று மூன்றுக்குமே பதில் வந்தால் வேறு மாடலுக்குப் போய்விடலாம்.

இப்போது கூலிங். நம் ஊர் வெயிலிலும் டிராஃபிக்கிலும் எஞ்சின் சாவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம், அதை மூடி மறைப்பதும் சுலபம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சை, சிவப்பு, நீலம் என எந்த நிறமானாலும் தெளிவாக இருந்தால் சரி. செங்கல் கரைத்த மாதிரி இருந்தால் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி. உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் பாதி அடைத்திருக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் அப்படியே. ஆனால் மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் தெரிவது சகஜம். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அதே நிறம் இருந்தால்தான் ஆபத்து.

ஹீட் ஆகும் வண்டிக்குத் தெருமுனையில் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு: எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபேனை நேரடியாக ஒயர் போட்டு விடுவார்கள். ஏசியை அணைத்துவிட்டு, குளிர்ந்த வண்டியில் சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுபோனதுமே ஃபேன் சுற்றினால் இந்த வைத்தியம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். அதனால் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஓ.பி.டி. புளூடூத் கருவியை (காரின் கணினித் தகவலைப் படிப்பது) ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி போனில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். நல்ல எஞ்சின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 85 டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்கும். மதுரவாயல் பைபாஸில் எண்பதில் போகும்போது 65, 70 என்று இறங்கினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியே ஓட்டினால் எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டிலேயே கிடக்கும். பெட்ரோல் கூடுதலாகப் பாயும், ஆயிலில் கசடு சேரும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேயும். பிறகு ஏசியை முழுக்க வைத்து இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ஃபேன் விட்டு விட்டு ஓட, சூடு நூறை ஒட்டி ஏறி இறங்கினால் நல்லது. 105-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வண்டியை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதே கருவியில், எச்சரிக்கைக் குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதும் பெரும்பாலும் தெரியும். பன்னிரண்டு கி.மீ. என்று காட்டினால் யாரோ நேற்றுதான் 'செக் எஞ்சின்' விளக்கை அணைத்திருக்கிறார்கள்.

புகை பற்றி எல்லோருக்கும் தெரியும்: நீலம் ஆயில், கருப்பு எரிபொருள், நிற்காமல் வரும் வெள்ளை கூலன்ட். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது கண்ணாடியில் பாருங்கள். கத்திப்பாரா மேம்பாலம் இதற்கு வசதி. அந்த நொடியில் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வ் சீல், இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

பெட்ரோல் வண்டிக்குக் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது) எடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஐந்தாறு சுற்று கிராங்க் செய்ய வேண்டும். 160 முதல் 200 பி.எஸ்.ஐ. வந்தால் நல்ல எஞ்சின். நான்குக்கும் நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டுமே குறைந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம்.

பிளக்கைக் கழற்றியிருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஊரில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். லேசாக வளைந்தால் வண்டி ஓடும், விற்கவும் விற்கும். பிளக் ஓட்டை வழியாக நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஒன்றை பிஸ்டன் மேல் நிறுத்தி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பேனாவால் குறியுங்கள். நான்கு சிலிண்டரிலும் குறி ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒன்றில் மட்டும் பிஸ்டன் உச்சி இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தால் அந்த ராட் வளைந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் வண்டல், ஈ.சி.எம். (எஞ்சினின் கணினிப் பெட்டி) கனெக்டரில் பச்சைக் களிம்பு, முழுக்க இழுத்த சீட் பெல்ட்டின் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை.

எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வாங்கிப் பொருத்திய எஞ்சின் நன்றாகவே ஓடலாம், ஆனால் ஆர்.டி.ஓ.வில் பதியாவிட்டால் பெயர் மாற்றத்தில் சிக்கல் வரும். எட்டியோஸ், டிசையர் என்றால் கால் டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறியதா என்று பதிவு விவரத்தில் பாருங்கள். மீட்டர் 90,000 காட்டும், எஞ்சின் மூன்று லட்சம் பார்த்திருக்கும்.

வாங்கிய வாரமே ஆயில், ஃபில்டர், கூலன்ட் மூன்றையும் மாற்றுங்கள். கூலன்ட்டில் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்தால் போதும், குழாய்த் தண்ணீர் வேண்டாம். கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் பொடி மின்னினால் பேரிங் தேய்கிறது. சம்ப்பை (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறக்கிப் பார்க்கும் வரை வெளியூர் கிளம்ப வேண்டாம்.