மீன்தொட்டி மூடி ஏன் வளைகிறது, வளைந்தால் என்ன செய்வது

மீன்தொட்டியின் பிளாஸ்டிக் மூடி வளைந்துவிட்டால் பழி பெரும்பாலும் விளக்கின் மேல்தான் விழும். சூட்டில் இளகிவிட்டது என்பார்கள். ஆனால் அந்த மூடிக்குப் பயன்படும் அக்ரிலிக் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இளகுவதே கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸில்தான். தொட்டித் தண்ணீர் 26, 28 டிகிரி இருக்கும். சாதாரண எல்.இ.டி. விளக்கும் மூடியை அந்த அளவுக்குச் சூடாக்காது. உண்மையில் அந்த மூடி தண்ணீர் குடித்திருக்கிறது.

அக்ரிலிக் நாள்கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் தன் எடையில் சுமார் 2 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சினால் மழைக்கால மரக்கதவு மாதிரி ஊதும். முழுவதும் ஒரே சீராக ஊதினால் வளையாது. மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள்: ஆவி படிந்து துளித்துளியாக நிற்கும், ஓரத்தில் வெள்ளையாக உப்புக்கோடு. மேல்பக்கமோ அறைக்காற்றில் காய்ந்து கிடக்கும். அடிப்பக்கம் நீள, மேல்பக்கம் அப்படியே இருக்க, நடு கீழே இறங்கி மூலைகள் மேலே தூக்கிக்கொள்கின்றன. அந்த மூலை இடுக்கு போதும், ஃபைட்டர் மீன் வெளியே குதித்துவிடும். அதனால்தான் இதை அழகுப் பிரச்சினை என்று நான் விடுவதில்லை.

எவ்வளவு நீண்டால் எவ்வளவு வளையும்? 60 செ.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன் உள்ள மூடியை எடுத்துக்கொள்வோம். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் வெறும் 0.6 மி.மீ. கூடுதலாக நீண்டாலே நடுப்பகுதி 15 மி.மீ. இறங்கிவிடும். அதே அளவு நீட்சிக்கு 6 மி.மீ. தடிமன் என்றால் இறக்கம் பாதியாகும். ஆனால் 3 மி.மீ. மூடியையே குறுக்கே வெட்டி 30 செ.மீ. துண்டுகள் இரண்டாக்கிப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் வளைவு 4 மி.மீ.க்கும் கீழே வந்துவிடும். நீளம் பாதியானால் வளைவு கால்வாசியாகிறது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, தடிமனுக்குச் செலவழிக்கும் முன் மூடியை இரண்டாக வெட்டுங்கள் என்பதுதான். இரண்டும் சேரும் இடத்தில் தாங்க ஒரு குறுக்குப்பட்டை வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றும்போது மூடியைத் துடைத்துத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். நனைந்த பக்கம் காயும், காய்ந்த பக்கம் நனையும். காசு செலவில்லாத வைத்தியம். தீனி போடவும் குழாய்க்கும் வெட்டிய இடங்கள் திருப்பினாலும் பொருந்தும்படி முதலிலேயே இருபுறமும் ஒத்த மாதிரி வெட்டிக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே வளைந்த மூடியைத் தூக்கி எறிய வேண்டாம். துடைத்து, நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி சில நாள் வையுங்கள். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி அதன் மேல் வைத்து, ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் எல்லாம் ஈரம் செய்த வேலை, சரியாகிவிட்டது. இடைவெளி மிச்சமிருந்தால் அது வேறு. மாதக்கணக்கில் சொந்த எடையையோ, மேலே வைத்த விளக்கின் எடையையோ தாங்கித் தாங்கிப் பிளாஸ்டிக் நிரந்தரமாகத் தொய்ந்துவிட்டது. காய வைத்தால் அது போகாது. மூடியைத் திருப்பிப் போட்டு எடை எதிர்ப்பக்கமாக இழுக்கும்படி விடலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிமிரும். விளக்குக்குக் கால் வைத்து உயர்த்திவிடுங்கள். சூடான காற்றைப் பாய்ச்சி நிமிர்த்த மட்டும் முயல வேண்டாம். ஈரம் குடித்த அக்ரிலிக்கை அதிகம் சூடாக்கினால் உள்ளே குமிழ் குமிழாகக் கொப்பளித்துவிடும்.

புதிதாக வாங்குவதானால் பாலிகார்பனேட் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அக்ரிலிக்கைவிட மிகக் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். நடுவில் தடுப்புகள் ஓடும் இரட்டைச்சுவர் ஷீட் எடை குறைவு, தடுப்புகள் ஓடும் திசையில் நன்றாக விறைத்து நிற்கும். மூடி எந்தத் திசையில் அதிகத் தூரம் தாங்கல் இல்லாமல் நிற்கிறதோ, தடுப்புகளும் அந்தத் திசையிலேயே ஓடட்டும். முனைகளை ஒட்டி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் புகுந்து பாசி பிடிக்கும். கண்ணாடி தண்ணீர் குடிக்காது, இப்படி வளையவும் வளையாது. எடையும் உடையும் பயமும் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதுவே போதும்.

உப்புக்கறைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போட்டுத் துடைத்துக் கழுவலாம். ஸ்பிரிட்டோ அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ அக்ரிலிக் மேல் படவே கூடாது, நுண்ணிய விரிசல் விடும்.