பல் செட் கட்டும் முன்பும் கட்டிய பின்பும்

என் அம்மாவுக்கு மேலும் கீழும் முழுப் பல் செட் கட்டி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று வாரங்களில் அது அவர் வாயில் இருந்ததைவிட, தண்டையார்பேட்டை வீட்டின் சமையலறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் கிடந்த நேரமே அதிகம். "கீழ் செட்டு ஆடுது, எனக்கு வேணாம்" என்பதுதான் அவருடைய ஒரே புகார். முழுப் பல் செட்டில் கீழ்ச் செட் ஓரளவு ஆடத்தான் செய்யும் என்பதையும், அதை நாக்கும் கன்னமும் பிடித்து நிறுத்தப் பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரங்கள் வீணாகியிருக்காது. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் செட் கட்டிக்கொண்ட சிலருடன் துணைக்குப் போய் வந்த அனுபவத்தையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில், எல்லாப் பற்களையும் பிடுங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு பற்கள் மட்டும் போயிருந்தால், பக்கத்துப் பற்களைச் சீவி அவற்றின் மேல் பாலம் போலப் பொருத்தும் நிலையான பல், கழற்றி மாட்டும் பகுதிச் செட், எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன் மேல் கட்டும் இம்ப்ளாண்ட் என்று மூன்று வழிகள் உண்டு. கடைவாய்ப் பல்தானே, வெளியே தெரியாது என்று விட்டுவிடுவது நான்காவது வழியன்று. காலியான இடத்தை நோக்கிப் பக்கத்துப் பல் சாயும். எதிரே உள்ள பல்லும் கடிக்கத் துணையில்லாமல் மெல்ல இறங்கிவரும். கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் ஓரளவு உறுதியாக இருந்தால், அவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து உயரத்தைக் குறைத்து, அவற்றின் மேலேயே செட் உட்காரும்படி செய்ய முடியும். வேர் இருக்கும்வரை அந்த இடத்து எலும்பு எளிதில் கரையாது. எனவே "மொத்தமா எடுத்துடுங்க டாக்டர், தொல்லை தீரட்டும்" என்று அவசரப்படுவது பின்னாளில் நமக்கே பாதகமாக முடியும்.

எலும்பு கரைவதுதான் இந்த விஷயத்தின் அடிப்படை. பல் போன தாடை எலும்பு தேய்ந்துகொண்டே வரும். முதல் ஆண்டில்தான் அது மிக வேகமாக நடக்கும். நீண்ட காலப் போக்கில் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்கிறது. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, இடையில் உள்ள மெல்லிய எச்சில் படலத்தால் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. கீழ்ச் செட்டோ குதிரை லாட வடிவில் குறுகிய மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நாக்கு ஓயாமல் அசைகிறது. ஆகவே மேல் செட்டைப் போலக் கீழ்ச் செட்டும் கவ்வ வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது. வசதி இருந்தால் கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, அவற்றில் செட்டைப் பொத்தான் போல மாட்டிக்கொள்வது மிக நல்ல தீர்வு.

பற்களை எடுத்த பிறகு ஈறு ஆற 6 முதல் 8 வாரங்களாவது காத்திருப்பது வழக்கம். அதுவரை பொக்கை வாயுடன் வெளியே போகக் கூசுகிறவர்களுக்கு, முன்கூட்டியே அளவெடுத்து வைத்துப் பல் எடுத்த அன்றே மாட்டும் தற்காலிகச் செட்டும் உண்டு. ஆனால் ஈறு வற்றியதும் அது தளர்ந்துவிடும் என்பதால், உள்பக்கத்தை மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே பல் எடுக்கச் செல்ல வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுச் செல்ல வேண்டும்.

எங்கே செல்வது? வடசென்னைக்காரர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே, முத்துசாமி சாலையில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, 1953-இல் தொடங்கப்பட்டது. மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் செய்யும் இடங்களில் வேலை மெதுவாக நடக்கும். ஆனால் ஒவ்வொரு படியையும் ஆசிரியர் பார்த்துச் சரி சொன்ன பிறகே அடுத்ததற்குப் போவார்கள் என்பதால் அந்த மெதுவை நான் குறையாகக் கருதுவதில்லை. பாரிமுனைப் பக்கம் சீன வம்சாவளிப் பல் வைத்தியர்களிடம் செட் கட்டிக்கொண்டதைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்களும் எங்கள் பகுதியில் உண்டு. எவரிடம் சென்றாலும் பதிவு பெற்ற பல் மருத்துவர்தானா என்று பாருங்கள். அதற்கான சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது. ஒரே நாளில், கழற்றவே வேண்டாத பல் என்று சொல்லி, மிச்சமுள்ள பற்களோடு பசையை ஊற்றி இறுக்கிவிடுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அதன் அடியில் சோறும் அழுக்கும் தங்கி, நன்றாக இருந்த பற்களும் ஈறும் சேர்ந்து கெடும்.

செட் கட்ட ஐந்தாறு முறையாவது போக வேண்டியிருக்கும். முதல் முறை பொதுவான தட்டில் அளவெடுத்து, அதிலிருந்து அந்த வாய்க்கென்றே ஒரு தட்டு செய்வார்கள். அடுத்த முறை, சூட்டில் இளகும் பச்சை நிறக் குச்சி ஒன்றை விளக்கில் வாட்டித் தட்டின் ஓரத்தில் ஒட்டி, வாய்க்குள் வைத்துக் கன்னத்தையும் உதட்டையும் இழுத்துவிடுவார்கள். பிறகு கிராம்பு வாசனை வீசும் பசையால் கடைசி அளவெடுப்பார்கள். உதடும் நாக்கும் அசையும்போது செட் எழும்பாமல் இருப்பது இந்த ஓரத்தின் அளவைப் பொறுத்தது. ஆகவே அவர்கள் சொல்லும்போது கூசாமல் வாயை அசைக்க வேண்டும். குமட்டல் வருகிறவர்கள் தலையைச் சற்று முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சு விட்டால் சமாளிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மெழுகில் பற்களைப் பதித்து வாயில் வைத்துப் பார்க்கும் நாள். மேலே 14, கீழே 14 என்று பற்கள் மெழுகில் நிற்கும்; எதையும் மாற்ற முடியும் நாள் அதுதான். எங்கள் மருத்துவர் அம்மாவை "வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி" என்று மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். 'வ' என்னும்போது மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டை லேசாகத் தொட வேண்டும். அழுந்தினாலும் எட்டாமல் போனாலும் பல்லின் நீளம் பிசகு. பிறகு "சைதாப்பேட்டை" சொல்லச் சொல்லி, மேலும் கீழும் பற்கள் இடித்துக்கொள்கின்றனவா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். அன்று வீட்டிலிருந்து ஒருவர் உடன் செல்லுங்கள். பழைய கல்யாணப் போட்டோ ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அறுபத்தைந்து வயது முகத்துக்கு முத்துப்போல் வெள்ளைப் பல் வேண்டும் என்று அம்மா அடம் பிடித்ததும், கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகு அவரே சற்று மஞ்சள் கலந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் அன்றுதான். மெழுகுக்குப் பதிலாக அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கில் வேகவைத்து முடித்த பிறகு நிறம் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் வேறு செட்தான் செய்ய வேண்டும்.

செட் கைக்கு வந்த முதல் வாரத்தில் எச்சில் ஊறும், பேச்சு குழறும், எங்காவது புண்ணாகும். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் மருத்துவரிடம் காட்டுவது சிகிச்சையின் ஒரு பகுதி. காட்டச் செல்வதற்கு முன் சில மணி நேரமாவது செட்டை மாட்டியிருந்தால்தான் எங்கே உராய்கிறது என்று தடம் தெரியும். வீட்டிலேயே பிளேடாலோ உப்புத்தாளாலோ சீவக் கூடாது. பேச்சுக்குத் தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்க வாசித்தால் போதும்.

உணவை இட்லி, குழைந்த சாதம், பொங்கல் என்று தொடங்கி, சிறு துண்டுகளாக இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்து மெல்லப் பழக வேண்டும். ஒரே பக்கம் மென்றாலும், முன்பல்லால் கடித்து இழுத்தாலும் செட் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். சொந்தப் பல்லின் கடிக்கும் வலுவில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம் என்பதால் சீடையையும் முறுக்கையும் ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டும். காசிமேட்டு மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அண்ணம் மூடியிருப்பதால் முள் இருப்பது வாய்க்குத் தெரியாது, தொண்டையில் குத்திய பிறகுதான் தெரியும். முதல் சில மாதங்கள் வஞ்சிரம் போன்ற நடுமுள் மீனை விரலால் உதிர்த்துப் பார்த்துச் சாப்பிடுங்கள். சூடான தேநீரும் அப்படியே. அண்ணத்துக்கு உறைக்காமல் நேரே தொண்டையைச் சுடும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். கழற்றாமலே உறங்குகிறவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். செட்டை மென்மையான பிரஷும் சாதாரண சோப்பும் கொண்டு தேய்க்கலாம். பற்பசை கீறலை உண்டாக்கும், கொதிநீர் செட்டைக் கோணலாக்கும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் சோப்பு வழுக்கி விழுந்து கீழ்ச் செட் இரண்டாகப் போன பிறகுதான் நாங்கள் இதைக் கற்றுக்கொண்டோம். உடைந்ததை வீட்டுப் பசையால் ஒட்டாமல், எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் கொண்டுபோனால் லேபில் சரிசெய்து தருவார்கள். ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் தினமும் துடைத்துவிடுங்கள்.

பல்லே இல்லையென்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை வாயைக் காட்ட வேண்டும். எலும்பு தேயத் தேயச் செட் தளரும். உள்பக்கத்தை நிரப்பிச் சரிசெய்யலாம், சில ஆண்டுகளில் புதிதாகவே கட்ட வேண்டியும் வரலாம். ஒட்டும் பசையைக் கூட்டிக்கொண்டே போவது அதற்கு மாற்றாகாது. புண் எதுவும், குறிப்பாக வெற்றிலை, புகையிலை, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு, செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், அதைச் செட் உராய்ந்த புண் என்று எண்ணிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.